தாய் வீட்டு மெத்தை

எங்க செக்கடித் தெருவுல தலையணையும் மெத்தையும் பேச ஆரம்பிச்சது மூணு மார்கழிக்கு முன்னால. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்கு முந்தி வீட்டுல உள்ள படுக்கையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏத்தி, வெயில்ல காயப் போட்டு, புளிய விளாறு ஒடிச்சுட்டு வந்து தூசி போக அடிக்கிறது கம்பம் ஊருல எங்க தெரு வழக்கம். அப்படி அடிக்கையில மூணாம் வீட்டு ரிட்டயர்டு கண்டக்டரு பரமனோட தலையணை, நாலாவது அடிக்கு, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத"ன்னு அவரு குரல்லயே சத்தம் போட்டுச்சு. பரமன் அந்நேரம் கீழ டீக்கடையில பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு சம்சாரம் தலையணையை ஒரு புரட்டு புரட்டிப் பாத்துட்டு, மனுசன் தூக்கத்துலயும் டிக்கெட்டுத்தான் கிழிச்சிருக்காருன்னு சொல்லிட்டு, மிச்சத்தையும் அடிச்சு முடிச்சுத்தான் கீழ எறங்குனாக.

யாரும் மலைச்சுப் போய் நிக்கல. திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற வேன் காலையில ஆறரைக்கு வந்துரும், மலைச்சு நிக்க நேரம் ஏது. தும்மலுக்கும் சளிக்கும் நாங்க காட்டப் போற டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாக: மெத்தைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி லட்சம் லட்சமாக் குடியிருக்கு, நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோலைத் தின்னுதான் அது பொழைக்குது, அது போடுற எச்சம் மூக்குக்குள்ள போனா சில பேருக்குத் தும்மலு, சில பேருக்கு மூச்சிளைப்புன்னு. அப்ப தோலைத் தின்னுற பூச்சி தோலோட சேத்துப் பேச்சையும் தின்னிருக்கு, அடிச்சா கக்குது, இதுல என்னப்பா அதிசயம்னு பரமன் டீக்கடையில வச்சு விளக்கம் குடுத்தாரு, தெருவும் ஒத்துக்கிருச்சு.

பத்து நாளைக்குள்ள அதுக்குண்டான சட்டதிட்டமும் வந்துருச்சு. பக்கத்து மாடியில படுக்கை பேசுனா நம்ம வீட்டு மிக்சியைப் போட்டு விடணும். காதுல விழுந்ததை விழாத மாதிரி வச்சுக்கிடணும். அடுத்தவுக தலையணையை அவுக இல்லாத நேரத்துல அடிக்கக் கூடாது. புதுசாக் கல்யாணமானதுக மெத்தையே வேணாம்னு கோரைப் பாய்க்கு மாறிருச்சுக, பாயில பூச்சி தங்க எடமில்லையில்ல. ஒரு வரப்புத் தகராறுல தலையணையைச் சாட்சியாத் தூக்கிட்டு வந்தாக. தூங்குறவன் பேச்சு சபையில ஏறாதுன்னு பெரியவுக திருப்பி அனுப்பிட்டாக. கடைசி வீட்டு சுலைகா அக்கா, துபாய்ல இறந்துபோன அவுக வீட்டுக்காரரோட தலையணையை முதநாள் ஆசை ஆசையா அடிச்சுக் கேட்டுட்டு, மறுநாள் அதே வார்த்தையை இன்னொரு தடவ கேக்கலாம்னு அடிச்சிருக்காக, வெறும் தூசிதான் வந்திருக்கு. அதுக்கப்புறந்தான் ஒரு சொல்லு ஒரு தடவதான் வரும், வந்துச்சுன்னா தூசியோட காத்துல போயிரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. சுலைகாக்கா அதுல இருந்து வருசத்துக்கு ஒரே ஒரு அடின்னு வச்சுக்கிட்டாக.

அதிசயத்துக்குப் பழகிட்டோம், ஆனா அதோட ஒரு முட்டாள்தனமும் பண்ணோம். எந்த மெத்தையில என்ன பேசிக் கெடக்கோமோன்னு ஆளாளுக்குப் பயந்துக்கிட்டு, படுக்கையை வெயில்ல போடுறதையே விட்டுட்டோம். உறை துவைக்க மாட்டோம், தட்ட மாட்டோம், எடுத்துக் குடுன்னா குடுக்க மாட்டோம். ரெண்டே வருசத்துல காலையில வாசல் தெளிக்கிற நேரம் தெருவே தும்முச்சு. டாக்டரம்மாவுக்குக் கோவம்னா கோவம். மெத்தை பேசுதோ பாடுதோ எனக்குத் தெரியாது, ஒங்க நெஞ்சு விசில் அடிக்கிறதுதான் எனக்குக் கேக்குதுன்னு ஒவ்வொருத்தரையா உக்கார வச்சுத் திட்டுனாக.

அவுககிட்ட அதிகமாத் திட்டு வாங்குனவ நான்தான். எம் பேரு கௌமாரி. போடியில பிறந்து இந்தத் தெருவுல வாக்கப்பட்டவ. எங்க ஊரு இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊரு, பொண்ணைக் கட்டிக் குடுத்தா பீரோ இருக்கோ இல்லையோ பஞ்சு மெத்தை இல்லாம அனுப்ப மாட்டாக. என் மெத்தைக்கு ஒரு கதை உண்டு, இந்தத் தெருவுல அந்தக் கதையை நான் சொல்லாத ஆளு கெடையாது: நான் பெரிய மனுசியான அன்னைக்கு எங்கம்மா வேலுத்தாய் கொல்லையில ஒரு இலவ மரம் நட்டுச்சு, அந்த மரம் என் கல்யாணத்து வருசந்தான் முதமுதலாக் காய்ச்சுச்சு, அந்தக் கன்னிக் காயை ஒவ்வொண்ணா ஒடைச்சு, கொட்டை நீக்கி, வேத்துப் பஞ்சு ஒரு பிடி கலக்காம எனக்குன்னு தைச்சுக் குடுத்துச்சு. செவப்புக் கோடு போட்ட உறை. அதுல படுத்தா எங்கம்மா மடியில படுத்த மாதிரி இருக்கும்னு ஒம்பது வருசமா வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன்.

கல்யாணமாகி ஆறாம் மாசம் எனக்குத் தும்மல் வந்துச்சு. விடிஞ்சு எந்திரிச்சா இருவது, முப்பது தும்மலு, மூக்கு குழாயா ஒழுகும், அப்புறம் நெஞ்சைக் கட்டி இளைக்க ஆரம்பிச்சுச்சு. எங்கம்மா பாக்க வந்துச்சு. வந்தது நேராப் போயி எங்க மாமியா ஒச்சம்மா முன்னாடியே சுவத்துல விரலை வச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டு, எல்லாம் இந்த வீட்டுச் சுவத்து ஈரம், ஓதந்தான்டின்னு சொல்லுச்சு. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். வாய்க்கு வந்தபடி அந்த வீட்டையும் சுவத்தையும் மாமியாளையும் பேசுனேன். பாவம், அவுக மூணு தடவ சுவத்தைச் சொரண்டிச் சொரண்டிப் பூசுனாக, சாணி வாடைக்கா இருக்குமோன்னு ஆசையா வளத்த மாட்டை வித்தாக. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. டாக்டரம்மா மெத்தையை மாத்துங்கன்னு சொன்னப்ப, முடியவே முடியாதுன்னுட்டேன். தாய் உசுரோட இருக்கையில தாய் வீட்டு மெத்தையைத் தூக்கிப் போட்டா தாய்க்கு ஆகாதுன்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. எனக்கு மூச்சு போனாலும் போகட்டும், எங்கம்மா நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன். அப்படி ஒரு கிறுக்கச்சி நான்.

டாக்டரம்மா குடுத்த, வாயில வச்சு உறிஞ்சுற மருந்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னுதான் உறிஞ்சுவேன். இளைப்புன்னு வெளிய சொல்லிராதடி, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகன்னு அம்மா போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லும். தெருவுல கேட்டா சளின்னு சொல்லுவேன். வருசம் பூராவுமா ஒருத்திக்குச் சளி பிடிக்கும், கேக்குறவுகளும் கேட்டுக்கிட்டாக.

இந்த மார்கழியிலதான் என் மக தன்யஸ்ரீக்கு வந்துச்சு. ஏழு வயசு, எனக்கும் அவுகப்பாவுக்கும் நடுவுல அந்த மெத்தையிலதான் படுப்பா. ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கிட்டு இருக்கேன், புள்ள பேச்சு பாதியில நின்னுச்சு. திருப்பிப் பாத்தா உதடு நாகப்பழக் கலருல இருக்கு, கழுத்துக்குழி உள்ள போய் உள்ள போய் வருது, மூச்சு வரல. எங்க வீட்டுக்காரரு சுருளிவேலு அவளைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு செருப்பில்லாம ஓடுனாரு. ஆஸ்பத்திரியில முகத்துல மூடி மாட்டி, புகை மருந்து போயி, புள்ள "அம்மா"ன்னு சொல்ற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. டாக்டரம்மா இந்தத் தடவ திட்டல. அந்த மெத்தை வேணுமா, இந்தப் புள்ள வேணுமான்னு மட்டும் கேட்டாக.

அப்பவும் தூக்கிப் போட மனசு வரல, பாருங்க. நல்லா வெயில்ல போட்டு அடிச்சு, மேல ரெக்சின் உறை மாட்டிரலாம்னு சொன்னேன். புள்ளையைக் கீழ கூடத்துல பாயில படுக்க வச்சுட்டு, மெத்தையை மாடிக்கு ஏத்துனோம். நான் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு மாமியா என்னைக் காத்துக்கு எதுப் பக்கம் தள்ளி, மூக்குல துண்டைக் கட்டிவிட்டு, அவுக விளாறை எடுத்தாக. எனக்கு ஒரே பயம். ஒம்பது வருசமா அதுல படுத்துக்கிட்டு நான் பேசுனதெல்லாம் அவுகளைப் பத்தித்தான். தெருவுல ஒரு மிக்சியும் ஓடல, கரண்டு கட்டு.

பயந்த மாதிரியே முத அடிக்கே என் குரலு, "இந்தக் கெழவி வீட்டு ஓதந்தான் என்னைக் கொல்லுது"ன்னுச்சு. மாமியா நிறுத்தல. அடுத்த அடி, அதுக்கும் நான்தான். அதுக்கும் அடுத்ததும் நான்தான். எனக்குக் கூசிப்போச்சு. மாமியா முகத்தைத் திருப்பாம, இன்னும் எம்புட்டு இருக்குத்தா, வெயிலு எறங்குறதுக்குள்ள முடிஞ்சிருமான்னு கேட்டாக. நடுவுல எங்க வீட்டுக்காரரு கொறட்டை வந்துச்சு, தன்யஸ்ரீ நாலு வயசுல சொன்ன யானைப் பாட்டு வந்துச்சு, எதுத்த மாடியில நின்னவுக சிரிச்சாக. அப்புறம் மேல் பஞ்சு ஓஞ்சு உள் பஞ்சுல அடி விழுந்துச்சு.

"அம்மா, நெஞ்சை அடைக்குதும்மா."

எங்க வீட்டுல யாரு குரலும் இல்ல அது. மாமியா என்னைப் பாத்தாக. எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. எங்க அக்கா தவமணி. என்னைவிட ஆறு வயசு மூத்தது. கட்டிக் குடுத்த ரெண்டாம் வருசம் சீரோட திரும்பி வந்து, நான் மதுரை ஹாஸ்டல்ல படிச்சுக்கிட்டு இருக்கையில மஞ்சக் காமாலையில செத்துப்போச்சுன்னு எனக்குச் சொன்னாக. அது படுத்த மெத்தையைச் சுடுகாட்டுலயே எரிச்சாச்சுன்னு சொன்னாக. செத்தவுக படுக்கை வீட்டுக்கு ஆகாதுல்ல.

மாமியா கை தன்னால அடிச்சுச்சு. அடுத்தது எங்கம்மா குரலு. "மெல்லப் பேசுடி. இளைப்புன்னு தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்புன மாதிரி உன் தங்கச்சியவும் எவனும் கட்ட மாட்டான். ஊருக்குக் காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன்." அடுத்த அடிக்கு அக்கா, "ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போம்மா"ன்னுச்சு. அடுத்த அடிக்கு அம்மா சொல்லுச்சு, "செத்த நேரம் பொறு. தெருவுல ஆள் நடமாட்டம் கொறையட்டும், போவம்." அடுத்து ஒரு அடி. அதுல பேச்சு இல்ல. மூச்சு இழுக்குற சத்தந்தான் வந்துச்சு, நீளமா, எங்க தெரு பூராவும் கேக்குற மாதிரி. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். எனக்கும் அப்படித்தான் இழுக்கும், முந்தாநேத்து என் மகளுக்கும் அப்படித்தான் இழுத்துச்சு.

எங்க மாமியா விளாறைக் கீழ போட்டாக. ஒம்பது வருசத்துப் பேச்சுக்கு அவுக என்னை அன்னைக்கு என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவுக கீழ போயி வெந்நி வச்சு எடுத்துட்டு வந்து குடிக்கச் சொன்னாக. குடிச்சேன். மெத்தையில பாதிதான் அடிச்சிருந்துச்சு, மிச்சப் பாதியைத் தொட எங்க ரெண்டு பேருக்கும் தெம்பில்ல. சுருட்டி மாடிப்படிக்குக் கீழ வச்சோம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அக்கா பேசுச்சும்மான்னு மட்டும் சொன்னேன். எங்க தெருச் சங்கதி போடி வரைக்கும் தெரியும், அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல. மறுநாள் மத்தியானம் அம்மா வாடகை ஆட்டோ பிடிச்சு வந்து எறங்குச்சு. பேத்தியைக் கேக்கும், என்னைக் கேக்கும்னு நெனச்சேன். படியேறும்போதே கேட்ட முதக் கேள்வி, தெருவுல யார் யாரு கேட்டாகங்கிறதுதான். எல்லாரும் கேட்டாக, கரண்டு இல்லன்னு சொன்னேன். அம்மா அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. ஓதம்னு சொன்ன அதே சுவரு.

நான் ஒவ்வொண்ணாக் கேட்டேன். அந்த மரம் என்னாச்சு. காய்க்கவே இல்லடி, பூ பிடிக்கும், பிஞ்சுலயே உதுந்துரும், நீ பொங்கலுக்குத்தான் வருவ, காய் வெடிக்கிற சித்திரையில வந்து பாக்கவா போறன்னு விட்டுட்டேன்னுச்சு. அக்கா மெத்தையை ஏன் எரிக்கல. எடுத்துக் குடுக்க மனசு வரலடி, அவ தலைமாட்டுல நானும் படுத்துக் கெடந்த மெத்தை, பரண்ல போட்டு வச்சிருந்தேன், உன் கல்யாணத்துக்குப் பஞ்சு வேணும்னு வந்தப்ப, வெளி ஆளுக்குப் போறதுக்கு அவ தங்கச்சிக்கே போகட்டும்னு உறையை மட்டும் மாத்துனேன்னுச்சு. சரி, எனக்கு இளைப்பு வந்தப்ப? அப்பக் கூடவா உனக்குத் தெரியல? அம்மா கண்ணு அந்தச் சுவத்துக்குப் போச்சு. தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் சுவத்தைத் தேய்ச்சிருக்கு. என்னைப் பெத்தவ, பத்து மாசம் சுமந்தவ, நான் மூச்சுக்குத் தவிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு, பழியைத் தூக்கி ஒரு வாயில்லா மனுசி மேல போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருக்கா.

எல்லாம் உனக்காகத்தான்டின்னு அம்மா அழுதுச்சு. உன்னைக் கரை சேக்கத்தான் பண்ணேன், அவ போயிட்டா, நீயாவது நல்லாப் பொழைக்கணும்னுதான் பண்ணேன்னுச்சு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, பைய என் கையைப் பிடிச்சு, அவ பேச்சு இன்னும் மிச்சம் இருக்காடின்னு கேட்டுச்சு.

பாதி மெத்தை இருக்குன்னு சொன்னேன். சாயங்காலம் புள்ளையோட அப்பா வந்ததும் ஊருக்கு வெளிய கொண்டுபோய் எரிக்கப் போறோம்னும் சொன்னேன்.

"எரிச்சிராதடி. எனக்குக் குடு. அவ குரலு அதுல மட்டுந்தான்டி இருக்கு."

"உசுரோட கெடந்து கேட்டப்ப உன் காதுல விழாத குரலும்மா அது."

அதுக்கு மேல ஒண்ணும் பேச எனக்கு நெஞ்சுல காத்து இல்ல. இளைக்க ஆரம்பிச்சுருச்சு. கூடத்துல எல்லாருக்கும் முன்னாடி மருந்தை எடுத்து உறிஞ்சேன், அம்மா எந்திரிச்சுப் போயி வாசக்கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு வந்துச்சு. நான் மூச்சு விடுறது வெளிய தெரியக் கூடாதாம்.

குடுத்துரு ஆத்தா, பெத்தவ கேக்குறான்னு மாமியாதான் சொன்னாக. குடுத்தேன். அம்மா அதுல படுத்தாலும் சரி, அடிச்சாலும் சரி, என் வீட்டை விட்டுப் போனாப் போதும்னு குடுத்தேன். பெத்தவளுக்கு ஆகாதுன்னு ஒம்பது வருசம் கட்டிக் காத்த மெத்தையை, பெத்தவளே வந்து எடுத்துட்டுப் போறதை நின்னு பாத்தேன். ஆட்டோவுல பின்சீட்டுல பாதியும் வெளிய பாதியுமாக் கயிறு போட்டுக் கட்டுனாக. எங்கம்மா அதுல ஒரு பக்கம் ஒண்டி உக்காந்து, கையை மேல போட்டு அணைச்சுக்கிருச்சு. பரமனு, அவரு சம்சாரம், சுலைகாக்கா, எதுத்த மாடிக்காரவுக எல்லாரும் அவுகவுக வாசல்ல நின்னாக. சட்டப்படி யாரும் எதையும் பாக்காத மாதிரித்தான் நின்னாக.

அந்நேரம் தன்யஸ்ரீ வாசப்படிக்கு வந்து நாலு தும்மல் தும்முனா. அம்மா திரும்பிப் பாத்துச்சு. சரி, இப்பவாவது கேக்கப் போகுது, புள்ளைக்கு எப்படி இருக்கு, உனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கப் போகுதுன்னு நம்புனேன். அந்நேரம் வரைக்கும் ஒரு தடவ கூடக் கேக்கல. கிட்ட வாடின்னு கையசைச்சுச்சு. போயி குனிஞ்சேன். காதோரமா, அடிக்குரல்ல, அன்னைக்கு மெத்தையில கேட்ட அதே குரல்ல சொல்லுச்சு:

"அவளுக்கும் இருக்குன்னு வெளிய சொல்லிராதடி. பொம்பளப் புள்ள."

நான் நிமிந்தேன். தெருவைப் பாத்தேன். என் மகளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, எனக்கு எம்புட்டுக் குரல் வருமோ அம்புட்டையும் கூட்டிச் சொன்னேன்.

"என் மகளுக்கு இளைப்பு இருக்கு. எனக்கும் இருக்கு. எங்க அக்கா தவமணி காமாலையில சாகல, இந்த இளைப்புலதான் செத்துச்சு. வீட்டுக்குள்ள பூட்டி வச்சதுல செத்துச்சு."

ஆட்டோக்காரரு வண்டியை எடுக்கவா வேணாமான்னு தெரியாமக் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தாரு. சுலைகாக்கா முதல்ல வந்து, என் மகளுக்கும் இருக்கு கௌமாரி, நீ உறிஞ்சுறது என்ன மருந்துன்னு கேட்டாக. அவுக பின்னால பரமன் சம்சாரம் வந்தாக. எங்கம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டு, போப்பா, போப்பான்னு ஆட்டோக்காரரை விரட்டுச்சு.